ஜெஃபர்சன் அமெரிக்க அரசியலமைப்பை ஆதரித்தாரா, எதிர்த்தாரா?

கேள்வியில் "இரு தரப்பும் அவரைத் தங்கள் ஆள் என்கிறார்களே, அவர் மதில்மேல் பூனையா?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். இல்லை என்பேன். அவருடைய கடிதங்களைத் தேதி வரிசையில் படித்தால் அது நன்றாகவே தெரியும்.

1787 செப்டம்பரில் பிலடெல்பியாவில் அரசியலமைப்பு வரைவு கையெழுத்தானபோது தாமஸ் ஜெஃபர்சன் அங்கே இல்லை. அமெரிக்கத் தூதராகப் பாரிஸில் இருந்தார். அந்த டிசம்பர் 20 அன்று அந்த வரைவை உருவாக்கியவர்களில் முக்கியமானவரான நண்பர் ஜேம்ஸ் மேடிசனுக்கு எழுதிய கடிதத்தில் முதலில் பிடித்ததையெல்லாம் சொல்கிறார்: அதிகாரம் சட்டமன்றம், நிர்வாகம், நீதித்துறை என மூன்றாகப் பிரிந்திருப்பது, வரி போடும் அதிகாரம் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் அவையிடம் இருப்பது, பெரிய மாநிலங்களும் சிறிய மாநிலங்களும் சமரசம் கண்டது. அப்புறம்தான் பிடிக்காததற்கு வருகிறார். மக்களின் உரிமைகளைப் பட்டியலிடும் பகுதியே வரைவில் இல்லை. மதச் சுதந்திரம், பத்திரிகைச் சுதந்திரம், எல்லா வழக்குகளிலும் ஜூரி விசாரணை எதற்கும் தெளிவான உத்தரவாதம் இல்லை. ஒரே ஆள் எத்தனை முறை வேண்டுமானாலும் அதிபராகலாம் என்பதும் அவருக்குப் பிடிக்கவில்லை. இவ்வளவும் சொல்லிவிட்டு, பெரும்பான்மை ஏற்றுக்கொண்டால் நானும் மகிழ்ச்சியோடு ஏற்பேன் என்று எழுதுகிறார்.

குழப்பம் அடுத்த கடிதத்தில் தொடங்கியது. 13 மாநிலங்களில் 9 ஒப்புதல் தந்தால் அரசியலமைப்பு நடைமுறைக்கு வரும். அதனால் 1788 பிப்ரவரியில் நண்பர் ஒருவருக்கு இப்படி எழுதினார்: முதல் 9 மாநிலங்கள் ஏற்கட்டும், கடைசி 4 மாநிலங்கள் உரிமைப் பட்டியல் சேரும்வரை மறுக்கட்டும். ஆட்சியும் அமையும், உரிமையும் கிடைக்கும் என்பது கணக்கு.

இந்தக் கடிதம் வர்ஜீனியாவில் வெளியே வந்துவிட்டது. ஜூன் 9 அன்று, ஏற்பதா மறுப்பதா என்று முடிவெடுக்க வர்ஜீனியா கூட்டிய ரிச்மண்ட் மாநாட்டில், எதிர்ப்பாளர்களின் தலைவரான பேட்ரிக் ஹென்றி எழுந்து, திருத்தும்வரை நிராகரிக்கச் சொல்லி ஜெஃபர்சனே அறிவுரை தருகிறார் என்றார். அதுவரை 8 மாநிலங்கள் ஒப்புதல் தந்திருந்தன. வர்ஜீனியா மறுத்திருந்தால் ஜெஃபர்சன் விரும்பிய அந்த ஒன்பதே கேள்விக்குறியாகியிருக்கும். கடிதத்தின் முதல் பாதியை ஹென்றி விட்டுவிட்டார். அது நியாயமில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. ஜெஃபர்சனின் கருத்து எனக்கும் ஓரளவு தெரியும், அவர் இங்கே இருந்தால் ஏற்கவே சொல்வார் என்று மேடிசன் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. ஜூன் 25 அன்று 89க்கு 79 என்ற வாக்கில் வர்ஜீனியா ஏற்றது.

இதில் என்னை மிகவும் பாதிப்பது ஒன்று உண்டு. அவர்கள் அங்கே மோதிக்கொண்டிருந்தபோது ஜெஃபர்சன் ஏற்கெனவே மனம் மாறியிருந்தார். முதலில் ஏற்றுக்கொண்டு, கூடவே திருத்தங்களையும் பரிந்துரைக்கும் மாசசூசெட்ஸ் வழிதான் மேல் என்று மே 27 அன்றே பாரிஸிலிருந்து எழுதிவிட்டார். அட்லாண்டிக்கைக் கப்பலில் கடந்து அந்தக் கடிதம் வந்து சேர்வதற்குள் விவாதம் முடிந்துவிட்டது.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. உரிமைகளுக்காக இவ்வளவு வாதாடியவரின் பாரிஸ் வீட்டில் ஜேம்ஸ் ஹெமிங்ஸ் இருந்தார். பிரெஞ்சு சமையல் கற்பதற்காக ஜெஃபர்சன் அழைத்துச் சென்ற அடிமை அவர். மேடிசனிடம் ஜெஃபர்சன் கேட்ட உரிமைகளில் ஹெமிங்ஸுக்கென்று ஒரு வரி இல்லை. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வலிக்கிறது.

உரிமைப் பட்டியல் அவசியமில்லை என்று முதலில் நினைத்தவர் மேடிசன். எல்லா உரிமைகளையும் எழுத முடியாதே என்ற தயக்கத்துக்கு, முழு ரொட்டி கிடைக்காவிட்டால் அரை ரொட்டி மேல், முடிந்ததைக் காப்போம் என்று 1789 மார்ச்சில் ஜெஃபர்சன் பதில் எழுதினார். எழுத்தில் இருந்தால் நீதிமன்றம் அதைப் பிடித்துக்கொண்டு அரசைத் தடுக்கும் என்பதும் அதே கடிதத்தில் இருக்கிறது. ஜூன் 8 அன்று நாடாளுமன்றத்தில் திருத்தங்களை முன்வைத்தவர் மேடிசன்தான். அன்று அவர் சொன்ன காரணங்களில் இந்த நீதிமன்றக் காரணமும் ஒன்று.