பீர்ஷேபாவில் பாய்ந்த 4-ஆம் லைட் ஹார்ஸ்: கேள்வி பதில்

முதல் உலகப் போரில் ஆஸ்திரேலியத் தன்னார்வக் குதிரை ரெஜிமென்ட்டான 4-ஆம் லைட் ஹார்ஸ் எப்படிப் போரிட்டது என்று பலரும் கேட்டிருக்கிறீர்கள். பீர்ஷேபா என்பது பாலஸ்தீனத்தில் துருக்கியப் படையின் வசமிருந்த ஊர். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கே: லைட் ஹார்ஸ் என்றால் குதிரைப்படைதானே? பிறகு ஏன் அவர்களிடம் வாளோ ஈட்டியோ இல்லை?

பெயரில் குதிரை இருந்தாலும் அவர்கள் குதிரையில் பயணம் செய்து, இறங்கி நின்று துப்பாக்கியால் சண்டையிடும் வீரர்கள். ஒரு ரெஜிமென்ட்டில் ஏறத்தாழ 500 பேர், 3 ஸ்குவாட்ரன். ஸ்குவாட்ரனுக்கு 4 ட்ரூப். ட்ரூப்புக்குள் நான்கு நான்கு பேராகப் பிரித்திருப்பார்கள். சண்டை தொடங்கியதும் நால்வரில் மூவர் இறங்கி முன்னே போவார்கள். ஒருவர் நான்கு குதிரைகளின் கடிவாளத்தையும் பிடித்துக்கொண்டு மறைவான இடத்துக்குப் போய்விடுவார். அதாவது களத்தில் கால்வாசித் துப்பாக்கிகள் எப்போதும் குறைவு. 500 பேர் என்ற கணக்கை வைத்துக்கொண்டு காலாட்படையோடு ஒப்பிடுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

கே: தன்னார்வப் படை என்றால் சம்பளம் கிடையாதா ஐயா?

உண்டு. சாதாரண வீரருக்கு நாளைக்கு 6 ஷில்லிங். அதில் ஒரு ஷில்லிங்கைப் பிடித்து வைத்துப் பிறகு தருவார்கள். யாரையும் கட்டாயப்படுத்திச் சேர்க்கவில்லை என்பதுதான் தன்னார்வம் என்பதற்குப் பொருள். வெளிநாட்டுப் போருக்குக் கட்டாயச் சேர்ப்பு வேண்டுமா என்று 1916-லும் 1917-லும் ஆஸ்திரேலியாவில் வாக்கெடுப்பு நடத்தினார்கள். இரண்டு முறையும் மக்கள் மறுத்துவிட்டார்கள். 4-ஆம் ரெஜிமென்ட் 1914 ஆகஸ்டில் விக்டோரியா மாநிலத்தில் திரட்டப்பட்டது. சொந்தக் குதிரையோடு வந்தால், அது தகுதியானதாக இருக்கும்பட்சத்தில், அரசே விலை கொடுத்து வாங்கிக்கொண்டது.

கே: கலிப்போலியில் குதிரை ஏறிப் போரிட்டார்களா?

இல்லை. துருக்கிக் கடற்கரையின் செங்குத்தான அந்த மேட்டில் குதிரைக்கு வேலையே இல்லை. குதிரைகளை எகிப்தில் விட்டுவிட்டு, 1915 மே மாதம் காலாட்படையாகப் போய் இறங்கினார்கள்.

கே: பாலைவனத்தில் இத்தனை குதிரைகளுக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது?

எல்லோரும் வீரத்தைப் பற்றிக் கேட்கும்போது நீங்கள் தண்ணீரைக் கேட்டது மகிழ்ச்சி. சினாய், பாலஸ்தீனப் போரில் எந்தப் படை எங்கே போகலாம் என்பதைத் தளபதியைவிடக் கிணறுதான் அதிகம் தீர்மானித்தது.

ஒரு குதிரைக்கு நாளைக்கு 25 லிட்டர் என்று குறைத்து வைத்தாலும், ஒரு ரெஜிமென்ட்டின் 500 சொச்சம் குதிரைகளுக்கு 12,500 லிட்டருக்கு மேல் வேண்டும். சினாயின் பல தாழ்வான இடங்களில் மணலுக்கடியில் கொஞ்ச ஆழத்திலேயே நீர் இருந்தது. பள்ளம் தோண்டினால் மணல் சரிந்து மூடிவிடும். அதனால் ஊசிமுனைக் குழாயைப் பயன்படுத்தினார்கள். இரண்டரை அங்குலக் குழாய். அடிமுனை கூராக அடைபட்டிருக்கும். அதற்கு மேல் சுற்றிலும் துளையிட்டு, மணல் புகாமல் மெல்லிய கம்பிவலை சுற்றியிருப்பார்கள். சம்மட்டியால் அடித்து இறக்கி, நீளம் போதாவிட்டால் அடுத்த குழாயை இணைத்து மேலும் இறக்குவார்கள். பிறகு தலையில் கைப்பம்பைப் பொருத்தி, கித்தான் தொட்டியில் நீரை இறைப்பார்கள். நம் தெருவோர அடிபம்பின் அதே தத்துவம்தான். உப்புக் கரித்த நீராக இருந்தால் மனிதனால் குடிக்க முடியாது. குதிரை ஓரளவு ஏற்றுக்கொள்ளும். மனிதருக்கான நீர் ஒட்டகத்தின் மேல் தகரப் பீப்பாய்களில் வந்தது.

இன்னொன்று, தீவனத்தை மணல்மேல் கொட்டினால் குதிரை மணலையும் சேர்த்து விழுங்கும். அது குடலில் தங்கி வயிற்றுவலி வரும், சாவும் நேரும். ஆகவே வாயில் கட்டும் தீவனப்பை கட்டாயம்.

கே: குதிரைமேல் எவ்வளவு எடை? முதுகு புண்ணாகாதா?

ஆள், சேணம், துப்பாக்கி, தோட்டா வார், போர்வை, தீவனம், தண்ணீர் எல்லாம் சேர்ந்து சுமார் 130 கிலோ. சேணத்துக்கு அடியில் மடித்துப் போடும் போர்வையில் ஒரு சுருக்கம் இருந்தாலும் புண் வரும். புண் வந்த குதிரை பல வாரங்களுக்குப் பயன்படாது. அதனால் நெடும்பயணத்தில் ஒரு மணி நேரத்தை மூன்றாகப் பிரித்தார்கள்: 40 நிமிடம் சவாரி, 10 நிமிடம் இறங்கிக் குதிரையை நடத்திப் போவது, 10 நிமிடம் ஓய்வு.

கே: பீர்ஷேபாவில் பயோனெட்டை (துப்பாக்கி முனையில் பொருத்தும் கத்தி) கையில் பிடித்துக்கொண்டு பாய்ந்தார்களாமே! பைத்தியக்காரத்தனம் இல்லையா?

இல்லை. அன்றைய நிலவரத்தைப் பாருங்கள். 1917 அக்டோபர் 31. படைகள் இரவெல்லாம் நடந்து வந்திருந்தன. பல குதிரைகள் ஒரு நாளுக்கும் மேலாக நீர் குடிக்கவில்லை. நியூஸிலாந்துக்காரர்கள் தெல் எல் சபா குன்றைப் பிடிக்கவே பிற்பகல் 3 மணி ஆகிவிட்டது. சூரியன் மறைய 2 மணி நேரம்கூட இல்லை. கிணறுகளோ ஊருக்குள். இறங்கி ஊர்ந்து போனால் இருட்டிவிடும். அதற்குள் துருக்கியர் கிணறுகளை வெடிவைத்துத் தகர்த்துவிடுவார்கள். குதிரைப்படைத் தளபதி ஷாவெல், கிராண்ட் தலைமையிலான 4-ஆம் பிரிகேடை (பல ரெஜிமென்ட்டுகள் சேர்ந்த படை) நேராக அனுப்பினார். 4, 12 ஆகிய இரண்டு ரெஜிமென்ட்டுகள், சுமார் 800 பேர், மாலை நாலரை மணிக்குக் கிளம்பின.

மூன்று வரிசை, ஆளுக்கு ஆள் ஐந்து கஜ இடைவெளி. முதலில் நடை, பிறகு ஓட்டம், கடைசியில் முழுப்பாய்ச்சல். 17 அங்குல பயோனெட்டைத் துப்பாக்கியில் பொருத்தினால் குதிரைமேல் கையாள முடியாது. அதனால்தான் கையில் பிடித்தார்கள்.

கே: எந்திரத் துப்பாக்கிக்கு எதிரே எப்படித் தப்பினார்கள்?

மூன்று காரணம் சொல்லலாம். விமானத்திலிருந்து எடுத்த படங்களில் அந்தப் பக்கத்துப் பதுங்குகுழிகளுக்கு முன்னே முள்கம்பி இல்லை என்பது தெரிந்திருந்தது. முள்கம்பி இருந்திருந்தால் கதையே வேறு. பக்கவாட்டிலிருந்து சுட்ட எந்திரத் துப்பாக்கிகளைப் பிரிட்டிஷ் பீரங்கிகள் அடக்கின. மூன்றாவதை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன்: துருக்கிய வீரர்கள் இவர்கள் இறங்கித்தான் சண்டையிடுவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். குதிரைகள் வேகமாக நெருங்கியபோது துப்பாக்கியின் குறித்தூரத்தைக் குறைக்கவில்லை. குண்டுகள் தலைக்கு மேலே போயின. அந்த வீரர்கள் கோழைகள் அல்லர். பகல் முழுக்க உறுதியாக நின்றவர்கள்.

பாய்ச்சலில் இறந்தவர் 31 பேர், காயம்பட்டவர் 36 பேர். 70 குதிரைகள் மாண்டன. பதுங்குகுழிக்கு அருகே நடந்த கைகலப்பில்தான் 4-ஆம் ரெஜிமென்ட்டுக்கு இழப்பு அதிகம். 17 கிணறுகளில் பெரும்பாலானவை தப்பின. ஆனாலும் மொத்தப் படைக்கும் நீர் போதவில்லை. அடுத்த நாட்களின் துரத்தல் அதனாலேயே தடைப்பட்டது.

கே: வாளே கொடுக்கவில்லையா கடைசிவரை?

1918 ஆகஸ்டில் இந்த ரெஜிமென்ட் இருந்த ஆஸ்திரேலிய டிவிஷனுக்குக் கொடுத்தார்கள்.

கே: அண்ணா, இந்தப் போரில் இந்தியக் குதிரைப்படையும் இருந்ததா?

இருந்தது. ஷாவெலின் அதே டெசர்ட் மவுண்டட் கோரை (பாலைவனக் குதிரைப்படை) சேர்ந்த மைசூர், ஜோத்பூர் லான்சர்கள்தாம் (ஈட்டி ஏந்திய குதிரை வீரர்கள்) 1918 செப்டம்பர் 23-இல் ஹைஃபாவைப் பிடித்தார்கள். அவர்களிடம் ஈட்டி இருந்தது. ஆஸ்திரேலியர்கள் ஏறிய ‘வேலர்’ குதிரையும் நமக்குப் புதிதல்ல. நியூ சவுத் வேல்ஸ் என்ற பெயரிலிருந்து வந்த பெயர் அது. 19-ஆம் நூற்றாண்டிலேயே சென்னைத் துறைமுகத்தில் ராணுவத்துக்காக வேலர்களைக் கப்பலிலிருந்து இறக்கியிருக்கிறார்கள்.

கே: போர் முடிந்ததும் குதிரைகள் ஊர் திரும்பினவா?

இல்லை. ஆஸ்திரேலியாவிலிருந்து போருக்குப் போன 1,30,000-க்கும் மேற்பட்ட குதிரைகளில் திரும்பியது ஒன்றே ஒன்று. ஆஸ்திரேலிய ஜெனரல் பிரிட்ஜஸின் ‘சாண்டி’ என்ற குதிரை. நோய் பரவும் என்ற அச்சம், கப்பல் பற்றாக்குறை, செலவு ஆகியவை காரணங்கள். வயதான, நோயுற்ற குதிரைகளைச் சுட்டார்கள். நல்லவற்றைப் பிரிட்டிஷ், இந்தியப் படைகளுக்குக் கொடுத்தார்கள். சுடும் முன் லாடத்தைக் கழற்றி, பிடரிமயிரையும் வால்மயிரையும் வெட்டி எடுத்துக்கொண்டார்கள். இரும்புக்கும் மயிருக்கும் விலை இருந்தது.