திட்டுகிறவரால் ஆபத்தில்லை, தனியாகக் கூப்பிடுகிறவரைக் கவனியுங்கள்

கேள்வி: பழைய ஃபிலிம் கேமரா ஒன்று கைக்கு வந்தது. ஆசையில் ஒரு வாட்ஸ்அப் கேமரா குழுவில் சேர்ந்தேன். மூன்றாம் நாள் குட்மார்னிங் படம் போட்டதற்கு, ‘இங்கே கேமரா மட்டும் பேசவும்’ என்று ஒருவர் எரிந்து விழுந்தார். முந்தைய நாள் அவரே தன் மூட்டுவலியைப் பற்றி அரைமணி நேரம் பேசியிருந்தார். ‘எந்த ஃபிலிம் நல்லது?’ என்று கேட்டால், ‘பழைய பதிவுகளில் தேடுங்கள்’ என்கிறார்கள். ஒரே ஒருவர் மட்டும் தனியாக மெசேஜ் அனுப்பி அன்பாகப் பேசுகிறார். குழுவை விட்டு விலகிவிடலாமா?

பதில்: விலக வேண்டாம். எனக்குக் கவலையே அந்த அன்பானவரைப் பற்றித்தான். அவரிடம் பிறகு வருகிறேன், முதலில் மூட்டுவலி.

அவருக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா என்று உங்களுக்குத் தோன்றும். ஆமாம், அப்படித்தான். யாருடைய ஷட்டர் சிக்கிக்கொண்டாலும் நேரங்காலம் பார்க்காமல் பதில் சொன்ன மனிதராக இருப்பார். அவருடைய மூட்டு குழுவுக்குப் பழக்கமான மூட்டு. உங்கள் குட்மார்னிங், முகம் தெரியாத ஒருவர் அனுப்பிய ஃபார்வர்டு. அது நூற்றுக்கணக்கான போன்களில் ஒரே நேரத்தில் ‘டிங்’ என்று அடிக்கும். இதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, அறிமுகம் போதவில்லை, அவ்வளவுதான். பேருந்தில் முன்சீட்டுக்காரர்கள் பேசும் குடும்பக் கதைக்குள் நாம் தலையை நீட்டினால் எப்படி இருக்கும்?

கொஞ்சம் கேட்டுவிட்டுப் பேசு என்பது இன்றைய விதி இல்லை. 1995இல் வெளியான ஆர்எஃப்சி 1855 என்ற இணைய நடத்தைக் குறிப்பு, எதையும் எழுதுவதற்கு முன் ஒன்றிரண்டு மாதம் படிக்கச் சொன்னது. அமெச்சூர் ரேடியோக்காரர்கள் அதற்கும் முன்னோடிகள். அலைவரிசையில் கொஞ்ச நேரம் காது கொடுப்பார்கள், ‘யாராவது பேசிக்கொண்டிருக்கிறீர்களா’ என்று கேட்பார்கள், அப்புறம்தான் தங்கள் பேச்சைத் தொடங்குவார்கள். உங்களுக்கு இரண்டு மாதம் வேண்டாம், பத்து நாள் போதும். மற்றவர்கள் சொந்தக் கதை பேசினால் படித்துச் சிரித்துக்கொள்ளுங்கள், நீங்களாக ஆரம்பிக்காதீர்கள்.

‘பழைய பதிவுகளில் தேடு’ என்றவர்கள் மீதுதான் எனக்குக் கோபம். வாட்ஸ்அப் குழுவில் பொதுவாக, நாம் சேர்வதற்கு முந்தைய உரையாடல் நம் கண்ணிலேயே படாது. இல்லாத அலமாரியில் எதைத் தேடுவது? நானும் பல வருடம் குழு நடத்தியவன். பத்துப் பொதுக் கேள்விகளுக்கு ஒரு பக்கத்தில் பதில் எழுதி, புதிதாக வருபவருக்கு அனுப்பிவைக்க ஒரு மணி நேரம் ஆகும். அதை எந்த அட்மினும் செய்ய மாட்டார், விதிகளை மட்டும் இருபத்தேழாக நீட்டுவார்.

அதற்காக உங்கள் கேள்வி நல்ல கேள்வி ஆகிவிடாது. ‘எந்த ஃபிலிம் நல்லது?’ என்பதற்கு ஆளுக்கொரு பதில் வரும், கடைசியில் சண்டைதான் மிஞ்சும். இப்படிக் கேட்டுப் பாருங்கள்: ‘இந்த மாடல் கேமரா, 400 ஐஎஸ்ஓ கலர் ஃபிலிம், நல்ல வெயிலில் எடுத்தது. பல படங்களில் ஓரத்தில் ஆரஞ்சு நிறக் கீற்று விழுகிறது. பின்மூடியின் பள்ளத்தில் இருக்கும் கறுப்பு ஸ்பாஞ்சைத் தொட்டால் தார் மாதிரி விரலில் ஒட்டுகிறது. அதுதான் காரணமா?’ கூடவே நெகட்டிவின் படம் ஒன்று. மூட்டுவலிக்காரரே முதல் ஆளாக ஓடிவருவார். வெளிச்சம் புகாமல் தடுக்கும் அந்த ஸ்பாஞ்ச் வயதானால் உளுத்துப்போகும் என்பதைச் சொல்ல அவருக்கு அவ்வளவு ஆசை இருக்கும்.

இப்போது அந்த அன்பானவர். குழுவில் சேர்ந்ததுமே உங்கள் எண் உறுப்பினர்கள் எல்லோர் கைக்கும் போய்விட்டது. திட்டு வாங்கிய புதியவரைப் பார்த்தவுடன் இப்படி ஒருவர் வருவார். ‘அவர்கள் எல்லாம் தலைக்கனம் பிடித்தவர்கள், எதுவானாலும் என்னிடம் கேளுங்கள்’ என்பார். நாலு நாள் பாடம் எடுப்பார். ஐந்தாம் நாள் அவருடைய நண்பரிடம் அருமையான லென்ஸ் ஒன்று இருக்கும், வேறொருவரும் கேட்டிருப்பார், இன்றைக்கே முன்பணம் போட்டால் உங்களுக்குத்தான். படங்கள் பளிச்சென்று இருக்கும், வேறு யாரோ எப்போதோ விற்பனைக்குப் போட்டவை. சிலர் அட்மினின் முகப்புப் படத்தையும் பெயரையும் அப்படியே ஒட்டிக்கொண்டு வருவார்கள். பெயரைப் பார்த்து நம்பாதீர்கள், எண்ணைப் பாருங்கள். ‘தனி வகுப்புக் குழு, சந்தா கட்டுங்கள்’ என்பதும் இதே சரக்குதான். குழுவில் எல்லோர் முன்னாலும் சொல்ல முடியாத எந்த விலையும் நல்ல விலை இல்லை.

ஒன்றை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். பத்து நாள் வாயை மூடிக்கொண்டிருங்கள் என்றேன் இல்லையா, அதற்கு ஒரு விலக்கு உண்டு: ஆபத்து. யாராவது, ‘ஃபிளாஷ் கேமராவைப் பிரிக்கப் போகிறேன், பேட்டரியைக் கழற்றிவிட்டேன்’ என்று எழுதினால், நீங்கள் அன்று காலையில்தான் சேர்ந்திருந்தாலும் குறுக்கே பேசுங்கள். பேட்டரியை எடுத்த பிறகும் ஃபிளாஷுக்கு மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் கபாசிட்டரில் 300 வோல்ட் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கலாம். மூத்தவர்கள் வேறு ஏதோ பேசிக்கொண்டிருந்தாலும், நீங்கள் சொல்வது தலைப்புக்குச் சம்பந்தமே இல்லாமல் இருந்தாலும் சொல்லுங்கள். எழுதியவரின் பெயரைக் குறிப்பிட்டு, ‘நிறுத்துங்கள்’ என்று முதல் வார்த்தையிலேயே எழுதுங்கள். வணக்கம், மன்னிக்கவும், நான் புதியவன் என்றெல்லாம் ஆரம்பித்தால், அவர் அதைப் படித்து முடிப்பதற்குள் ஸ்க்ரூ டிரைவர் உள்ளே போயிருக்கும். தவறாகச் சொல்லிவிட்டால் கொஞ்சம் கேலி செய்வார்கள், பரவாயில்லை.

சரி, இன்று செய்ய வேண்டியது. அந்த அன்பானவர் எதையாவது விற்க முன்வந்தால் ஒன்று கேளுங்கள்: ஒரு காகிதத்தில் உங்கள் பெயரையும் இன்றைய தேதியையும் கையால் எழுதி, லென்ஸின் சீரியல் எண் தெரியும்படி பக்கத்தில் வைத்து ஒரு படம். பின்பக்கத்திலிருந்து சாய்வாக டார்ச் அடித்து இன்னொரு படம், பூஞ்சை இருந்தால் சிலந்தி வலை மாதிரி தெரியும். அனுப்பினால் இரண்டையும் குழுவில் போட்டு மூட்டுவலிக்காரரிடம் கருத்துக் கேளுங்கள். சாக்குச் சொன்னால் அந்த எண்ணை அட்மினுக்கு அனுப்பிவிட்டு பிளாக் செய்துவிடுங்கள்.