ஒரே பேங்கில் கிரெடிட் கார்டு மாற்றுவது: கேட்டவர்களுக்குப் பதில்

மஞ்சக்குப்பம்: சார், ஆறு வருஷமா ஒரு சாதா கார்டு வச்சிருக்கேன். அதை மூடிட்டு அதே பேங்க்ல நல்ல கார்டா புதுசா வாங்கிடலாமா?

மூடாதீர்கள். முதலில் அப்கிரேடு கேளுங்கள், அதாவது இருக்கிற கார்டையே மேல் ரகமாக மாற்றித் தரச் சொல்லுங்கள். அதில் பெரும்பாலும் பழைய கணக்கே தொடரும். ஆறு வருஷம் ஒழுங்காகக் கட்டிய வரலாறும் கூடவே வரும். புதிதாக விண்ணப்பித்தால், கடன் வரலாற்றைப் பதிந்து வைக்கும் சிபிலில், நீங்கள் கடன் கேட்டதாக இன்னொரு விசாரணை பதிவாகும். புது கார்டுக்குச் சாதகமாக ஒன்றுதான் உண்டு: புதிதாகச் சேர்வோருக்குத் தரும் வெல்கம் பாயின்ட். அப்கிரேடில் அது பெரும்பாலும் கிடைக்காது. ஆனால் சேர்க்கைக் கட்டணமும் அதன் மேல் 18% ஜி.எஸ்.டி.யும் போனபின் அந்தப் பாயின்ட்டில் என்ன மிஞ்சுகிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

சம்மதம் சொல்லுமுன் மெயிலில் கேட்டு வாங்குங்கள்: சேர்ந்த பாயின்ட் என்னாகும், ஓடுகிற இ.எம்.ஐ. என்னாகும், ஆண்டுக் கட்டணம் எப்போதிலிருந்து. வாய்வார்த்தை செல்லாது. கார்டு எண் மாறினால் இன்சூரன்ஸ் பிரீமியம் ஆட்டோ பே நின்றுவிடும். பாலிசி காலாவதியான பிறகுதான் பலருக்கு அது தெரியவருகிறது.

வில்லியனூர்: அப்கிரேடு பண்றோம்னு போன் வந்துச்சு, ஓ.டி.பி. கேக்கறாங்க.

சொல்லாதீர்கள். போனை வைத்துவிட்டு பேங்க் ஆப்பில் நீங்களே பாருங்கள்.

நெல்லிக்குப்பம்: கேக்காமலே கார்டை மாத்தி, கட்டணமும் போட்டுட்டாங்க அண்ணே.

உங்கள் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் மாற்றக்கூடாது. ரிசர்வ் வங்கியின் நெறிமுறைப்படி கட்டணத்தைத் திருப்பித் தருவதோடு அதைப்போல் இருமடங்கு அபராதமும் தர வேண்டும். பேங்குக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கி ஒம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) போங்கள்.

அரியாங்குப்பம்: பெட்ரோல் கார்டா மாத்திக்கலாமா சார்?

பைக்குக்கு 200 ரூபாய்க்குப் போடுகிறவரா? பல கார்டுகளில் 400, 500 ரூபாய்க்குக் கீழான பில்லுக்கு சர்சார்ஜ் (கார்டில் பெட்ரோல் போட்டால் சேர்க்கும் கூடுதல் கட்டணம்) தள்ளுபடியே கிடையாது.

திருப்பாதிரிப்புலியூர்: நாங்க முள்ளோடை தாண்டி, புதுச்சேரி எல்லைக்குள்ள போய்த்தான் போடறோம். அங்க மிச்சமாகுதே, அப்ப கார்டு லாபம்தானே?

இல்லை. அந்த மிச்சம் புதுச்சேரியில் வாட் வரி குறைவு என்பதால் வருவது. ரொக்கமாகக் கொடுத்தாலும் அதே மிச்சம்தான். கார்டு எவ்வளவு தருகிறது என்பதைத் தனியாகப் பாருங்கள்.

அரியாங்குப்பம்: ரெண்டும் சேர்ந்தா கூடத்தானே வரும்?

பில் அந்த 400, 500 ரூபாய் வரம்பைத் தாண்டினால் வரும். ஆனால் ஆண்டுக் கட்டணத்தைக் கழித்தீர்களா?

திருப்பாதிரிப்புலியூர்: கார்ல முழு டேங்க் போடறவங்களுக்கு?

மாதம் நாலைந்து முறை நிரப்புகிறவருக்குச் சரிவரும். தள்ளுபடிக்கு மாத உச்சவரம்பு உண்டு, அதையும் பாருங்கள். பெட்ரோல் பேச்சு இத்தோடு போதும், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

லாஸ்பேட்டை: பழைய கார்டை மூடிட்டுப் புதுசு வாங்கலாமா?

மஞ்சக்குப்பத்துக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

பண்ருட்டி: ரெண்டு கார்டு வச்சா லிமிட் ரெண்டு மடங்காகுமா?

ஒரே பேங்க் என்றால் பெரும்பாலும் ஆகாது. ஒரே லிமிட்டைத்தான் இரண்டுக்கும் பகிர்வார்கள்.

நெய்வேலி: வீட்டுக் கடனையும் மாத்தலாமா?

அது என் துறை இல்லை. கிளையில் கேளுங்கள்.

முத்தியால்பேட்டை: மூடச் சொல்லி எழுதி ஒரு மாசமாச்சு சார். ஏதோ அதிகாரின்னு ஒருத்தர் போன்ல ஓ.டி.பி. கேக்கறார்.

மூடுவதற்கும் ஓ.டி.பி.யைப் போனில் சொல்லக்கூடாது, யார் கேட்டாலும். பாக்கி இல்லையென்றால் 7 வேலை நாளில் மூடியாக வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். நீங்கள் எழுதிய தேதியைக் காட்டி அந்தத் தொகையைக் கேளுங்கள்.