கை தூக்க முடியவில்லை, யோகா செய்யலாமா?

கேள்வி: எனக்கு வயது 52. புற்றுநோய்க்காக வலது மார்பையும் அக்குளில் இருந்த நிணநீர் முடிச்சுகளையும் எடுத்து இரண்டு மாதம் ஆகிறது. மேல்தட்டில் இருக்கும் மிளகாய்த்தூள் டப்பாவுக்குக் கை எட்டவில்லை. மருமகள் செல்போனில் வீடியோ போட்டு சூரிய நமஸ்காரம் செய்யச் சொல்கிறாள். யோகா செய்தால் மாத்திரையே வேண்டாம் என்கிறார் பக்கத்து வீட்டம்மா. செய்யலாமா?
— வாசகி, காசிமேடு

பதில்: செய்யலாம் சகோதரி. சூரிய நமஸ்காரத்தை மட்டும் இப்போதைக்கு மருமகளே செய்யட்டும்.

தண்டையார்பேட்டையில் யோகா சொல்லித்தரும் எனக்கே எட்டு வருடம் முன்பு இடது பக்கம் இதே ஆபரேஷன். நான்தான் டீச்சராச்சே என்ற திமிரில் யாரையும் கேட்காமல் ஆறாவது வாரமே பாயை விரித்தேன். உள்ளங்கைகளை ஊன்றி இடுப்பைத் தூக்கினேனோ இல்லையோ, அக்குளில் சுருக்கென்று இழுத்தது. பத்து நாள் ஜாக்கெட் மாட்டிவிட மகள் வர வேண்டியிருந்தது.

அப்புறம் பிசியோதெரபிஸ்ட் சொன்னபடி சமையலறைச் சுவருக்கு எதிரே நின்று விரல்களை மெல்ல மேலே ஏற்றினேன். காசிமேட்டுக்காரருக்குச் சொல்லவா வேண்டும், நண்டு நடப்பது மாதிரிதான். எட்டிய இடத்தில் ஒரு பென்சில் கோடு. சில நாள் கோடு நேற்றையதற்குக் கீழேயே நின்றுவிடும். காலண்டர் ஆணியைத் தொட எனக்கு ஏழு வாரம் ஆனது.

உங்கள் சர்ஜனிடம் கேட்டுவிட்டு இதிலிருந்து தொடங்குங்கள். படுத்தபடி குடைக்கம்பை இரண்டு கையாலும் பிடித்துத் தலைப்பக்கம் கொண்டுபோகலாம். நல்ல கை வலது கையை இழுத்துச் செல்லும். இழுப்பு தெரியலாம், வலி கூடாது. மூச்சுப் பயிற்சியில், மூக்குத் துளைகளை மாற்றி மாற்றி மெல்ல மூச்சு விடும் நாடி சுத்தி போதும், மூச்சை அடக்காமல். வேகமாக மூச்சை இழுத்துத் தள்ளும் கபாலபாதி, பஸ்திரிகா இப்போது வேண்டாம். மல்லாந்து படுத்து உடம்பைத் தளர்த்தும் சவாசனத்தில் வலது கைக்கு அடியில் தலையணை வையுங்கள். சிகிச்சைக்குப் பின் வரும் அந்த அசதிக்கும் தூக்கமின்மைக்கும் நான் கண்டவரை இதுதான் கைகொடுக்கிறது.

மாத்திரை விஷயத்தில் பக்கத்து வீட்டம்மா சொல்வது தப்பு. யோகா தோளை இளக்கும், மனதை ஆற்றும். புற்றுநோய்க்கு மருந்து ஆகாது. டாக்டர் நிறுத்தச் சொல்லும்வரை ஒரு வேளைகூட விடாதீர்கள்.

அடிபம்பு அடிப்பதையும் குடம் தூக்குவதையும் கொஞ்ச நாள் வீட்டு ஆண்களிடம் விடுங்கள். இறால் உரிக்கும்போது வலது கைக்கு உறை மாட்டுங்கள். நிணநீர் முடிச்சு எடுத்த பக்கம் என்பதால், முள் குத்திச் சீழ் வைத்தால் அந்தக் கை வீங்கிவிடலாம். வளையல் இறுகினாலோ ஜாக்கெட் கை பிடித்தாலோ அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.