நாற்பத்திரண்டு பாஸும் ஆறிப்போன தோசையும்

கேள்வி: என் தம்பிக்கு 20 வயது, பொறியியல் மூன்றாம் ஆண்டு. 'ஹாலோ நைட்' என்று ஒரு கேம் ஆடுகிறான். கதையை எப்போதோ முடித்துவிட்டானாம். இப்போது அதில் 42 பாஸ்களை (பெரிய எதிரிகளை) ஒரே மூச்சில், நடுவில் ஒரு தடவைகூடச் சாகாமல் ஜெயிக்க வேண்டுமாம். இரண்டு மாதமாக ராத்திரி ஒன்பது மணிக்கு உட்கார்ந்தால் ஒரு மணி வரை இதேதான். போன வாரம் அம்மா சாப்பிடக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்து, கடைசியில் அவன் ஹெட்போனைக் கழற்றிவிட்டார். அந்த நேரம் பார்த்துத் தோற்றுவிட்டான். கன்ட்ரோலரைச் சுவரில் அடித்து உடைத்தான். அன்றிலிருந்து இருவரும் பேசுவதில்லை. அம்மா தட்டில் தோசையை வைத்துவிட்டுப் போகிறார், அது ஆறிக் கிடக்கிறது. இது அடிமைத்தனமா? டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டுமா? வீட்டில் நான்தான் சம்பாதிக்கிறேன். புது கன்ட்ரோலர் கேட்கிறான், வாங்கித் தரலாமா?
— பெயர் வேண்டாம் என்ற வாசகி

பதில்: கன்ட்ரோலர் விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் உங்கள் தம்பி என்னதான் செய்துகொண்டிருக்கிறான் என்று பார்த்துவிடுவோம். அது தெரியாமல் அம்மாவுக்கும் பிள்ளைக்கும் நடுவில் பஞ்சாயத்து பண்ண முடியாது.

ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் நகரில் 'டீம் செர்ரி' என்று விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள் சேர்ந்து 2017-ல் வெளியிட்ட கேம் அது. பூமிக்கடியில் பாழடைந்து கிடக்கும் பூச்சிகளின் ராஜ்யம். கையில் ஆணி மாதிரி ஒரு வாளோடு சுற்றும் குட்டி வீரன். அடுத்த வருடம் ஆகஸ்டில் 'காட்மாஸ்டர்' என்ற கூடுதல் பகுதியை இலவசமாகக் கொடுத்தார்கள். அதில் வரிசையாகச் சண்டை போடும் ஐந்து அரங்கங்கள். ஐந்தாவதுதான் உங்கள் தம்பி மாட்டிக்கொண்டிருக்கும் இடம். 42 சண்டைகள், ஒன்றன்பின் ஒன்றாக. நடுநடுவே உட்கார்ந்து உயிரை நிரப்பிக்கொள்ள சில பெஞ்சுகள் உண்டு. ஆனால் சேவ் கிடையாது. எந்தப் பாஸிடம் செத்தாலும் மறுபடி முதல் பாஸ். கைதேர்ந்தவர்களுக்கே முக்கால் மணி நேரம் பிடிக்கும்.

கடைசியில் நிற்பது 'ஆப்சொல்யூட் ரேடியன்ஸ்' என்ற ஒளிப் பூச்சி. வாள் மழை, ஒளிக்கற்றை எல்லாம் தாண்டிய பிறகு காலடியில் இருக்கும் தரையே காணாமல் போய்விடும். சின்னச் சின்ன மேடைகளில் தாவி மேலே ஏற வேண்டும். மேலிருந்து கற்றை பாய்ந்துகொண்டே இருக்கும். உயிர் குறைவாக இருக்கிற நேரத்தில் ஒரு தாவல் தப்பினால் போதும், முக்கால் மணி நேரமும் போச்சு.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. சாதாரண லெவலில் ஒரு தப்புக்கு அபராதம் இருபது முப்பது விநாடி. இந்த மாதிரி லெவலில் அதே தப்புக்கு முக்கால் மணி நேரம். முதலில் வரும் பாஸ்களை உங்கள் தம்பி இந்நேரம் கண்ணை மூடிக்கொண்டே அடிப்பான். அவை அவனுக்குச் சண்டையே இல்லை, கடைசிப் பாஸைப் பார்க்கக் கட்டும் நுழைவுக் கட்டணம். அம்மா ஹெட்போனைக் கழற்றியபோது அவன் இழந்தது ஒரு ஆட்டத்தை அல்ல, அந்தக் கட்டணத்தை. சுவரில் அடித்ததை நான் நியாயப்படுத்தவில்லை. ஆத்திரம் எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன், அவ்வளவுதான்.

இப்படி நீளத்தையே சவாலாக்குவது கேம் உலகில் பழைய பழக்கம். 1984-ல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஒரு பதின்ம வயதுப் பையன் 'நிப்லர்' என்ற பாம்பு கேமில் நூறு கோடி புள்ளி எடுத்தான். நாற்பது மணி நேரத்துக்கும் மேல் ஒரே ஆட்டம். தூக்கம் கிடையாது, நிறுத்தி வைக்கவும் முடியாது. கழிப்பறைக்குப் போக என்ன செய்தான் என்கிறீர்களா? கூடுதல் உயிர்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு, பாம்பு பாட்டுக்குச் செத்துக்கொண்டிருக்கட்டும் என்று விட்டுவிட்டு ஓடிப்போய் வருவது. அந்தக் கால மாரத்தான் ஆட்டக்காரர்கள் எல்லோருக்கும் இதுதான் வழி.

விபரீதமும் நடந்திருக்கிறது. 2008-ல் 'ஃபைனல் ஃபேன்டஸி 11' கேமில் 'பாண்டமோனியம் வார்டன்' என்ற ஒரே பாஸோடு ஒரு குழு 18 மணி நேரம் மல்லுக்கட்டியது. சிலர் வாந்தி எடுத்தார்கள், சிலருக்கு மயக்கம் வந்தது. பாஸ் சாகவில்லை, குழுதான் பின்வாங்கியது. விஷயம் வெளியே வந்ததும் கேம் கம்பெனி விதியை மாற்றியது: இரண்டு மணி நேரத்தில் கொல்லாவிட்டால் பாஸ் தானே மறைந்துவிடும். உள்ளே நுழையும்போதே குடும்பம், நண்பர்கள், படிப்பு, வேலையை மறக்காதீர்கள் என்று எச்சரிக்கை காட்டுகிற கேம் அது. எச்சரிக்கையால் ஆகாததைக் கடிகாரம்தான் செய்தது.

ஆகவே உங்கள் வீட்டுக்கும் கடிகாரம் வேண்டும். ஆனால் 'தினம் ஒரு மணி நேரம்தான்' என்று மணிக்கணக்கில் பேசாதீர்கள். ஒரு மணி ஆகும்போது அவன் 35-வது பாஸில் இருப்பான், மறுபடி சண்டைதான். ரன் கணக்கில் பேசுங்கள். முதல் பாஸிலிருந்து தொடங்கும் ஒரு முயற்சி ஒரு ரன். ராத்திரிக்கு இரண்டு ரன். பத்தரைக்கு மேல் புது ரன் தொடங்கக் கூடாது. தொடங்கியதை யாரும் கலைக்கவும் கூடாது. இந்தக் கணக்கு ஆடுகிறவனுக்கு உடனே பிடிபடும். மூன்றாவது பாஸிலேயே செத்தால் அதுவும் ஒரு ரன்தானா என்று கண்டிப்பாகக் கேட்பான். முதல் பத்து பாஸுக்குள் செத்தால் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று தாராளமாக விட்டுக்கொடுங்கள். பேரம் படிந்த விதியைத்தான் இந்த வயதுப் பிள்ளைகள் மதிக்கிறார்கள்.

இன்னொன்று. இந்த கேமை நடுவில் நிறுத்தி வைக்கலாம். வெளியேறினால்தான் எல்லாம் போகும். நிறுத்தி வைத்தால் போகாது. சண்டையின் நடுவே நிறுத்தினால் திரும்ப வரும்போது கை தடுமாறும் என்பது உண்மைதான். அதனால்தான் பெஞ்சைச் சொல்கிறேன். பெஞ்சில் உட்கார்ந்ததும் நிறுத்திவிட்டு, மெஷினை அணைக்காமல் எழுந்து வந்து சாப்பிட்டுப் போகலாம். அம்மா இனி ஹெட்போனில் கை வைக்க வேண்டாம். மேசையை ஒரு தட்டு தட்டினால் 'அடுத்த பெஞ்ச்' என்று அர்த்தம். தட்டிய பிறகும் பெஞ்சைத் தாண்டிப் போனால் மறுநாள் ஒரு ரன் குறையும். தோசையை மட்டும் அவன் எழுந்து வந்த பிறகு ஊற்றச் சொல்லுங்கள்.

அடுத்து, தம்பியிடம் நேரடியாக ஒரு வார்த்தை. (இதை அவனிடம் படித்துக் காட்டுங்கள்.) தில்லானாவில் சறுக்குகிற பெண் ஒவ்வொரு தடவையும் அலாரிப்பிலிருந்தா ஆடிப் பார்க்கிறாள்? தில்லானாவை மட்டும் தனியாக எடுத்துப் பழகுவாள். உன் கேமிலேயே அதற்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். 'ஹால் ஆஃப் காட்ஸ்' மண்டபத்தில் ஒவ்வொரு பாஸுக்கும் ஒரு சிலை இருக்கிறது. வேண்டியவனோடு வேண்டிய தடவை மோதலாம், செத்தால் நஷ்டம் எதுவும் இல்லை. வரிசையின் கடைசியில் வரும் 'நைட்மேர் கிங் கிரிம்', 'ப்யூர் வெசல்' இரண்டையும் அங்கே ஒரு அடிகூட வாங்காமல் ஜெயிக்கிற அளவுக்குப் பழகு. முழு உயிரோடு கடைசி அரங்குக்குள் போவதும், பாதி உயிரோடு போவதும் ஒன்றா? ஒரு வாரம் முழு ரன்னே வேண்டாம், மண்டபம் மட்டும். இரண்டு மாதமாகத் தினமும் முழு ரன் அடித்துத் தோற்பதில் நீ கற்றது பெரும்பாலும் முதல் முப்பது பாஸ்களைத்தான். அவற்றை நீ ஏற்கெனவே கற்றுவிட்டாய்.

இனி உங்களுக்கு, வாசகி அவர்களே. அடிமைத்தனமா என்று கேட்டீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் 'கேமிங் டிஸார்டர்' இருக்கிறது. எத்தனை மணி நேரம் ஆடுகிறான் என்பது அங்கே அளவுகோல் இல்லை. நிறுத்த நினைத்தும் நிறுத்த முடியாமல் போவது, மற்ற எல்லாவற்றையும்விட கேம் முன்னால் வந்துவிடுவது, கெடுதல் கண்ணெதிரே தெரிந்தும் தொடர்வது. இவையெல்லாம் சேர்ந்து பொதுவாக ஒரு வருடமாவது நீடித்து வாழ்க்கையைப் பாதித்திருக்க வேண்டும். அரியர் விழுந்திருக்கிறதா? வகுப்புக்குப் போகிறானா? நண்பர்களோடு வெளியே போவது நின்றுவிட்டதா? குளியல், தூக்கம் சரியாக இருக்கிறதா? நீங்கள் எழுதியதில் இதைப்பற்றி ஒன்றுமே இல்லை. இருந்திருந்தால் எழுதியிருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். இல்லை, மறைத்துவிட்டேன் என்றால் அரசின் மனநல உதவி எண்ணான 'டெலி மானஸ்' 14416-ஐ அழையுங்கள். இலவசம், தமிழிலேயே பேசலாம். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் இதற்கென்றே 'ஷட்' என்ற கிளினிக்கும் இருக்கிறது.

எனக்குக் கொஞ்சம் உறுத்துவது, அவன் இதைத் தனியாக, ஹெட்போனுக்குள், நடுராத்திரியில் செய்வதுதான். 'டெசர்ட் பஸ்' என்று ஒரு கேம் இருக்கிறது. வன்முறை கேம்கள் மீது எழுந்த கூச்சலைக் கிண்டல் பண்ண 1990-களில் பென், டெல்லர் என்ற அமெரிக்க மேஜிக் ஜோடிக்காகச் செய்தது. டூசானிலிருந்து லாஸ் வேகஸுக்கு நிஜ நேரத்தில் எட்டு மணி நேரம் பஸ் ஓட்ட வேண்டும். வேகம் 45 மைலைத் தாண்டாது. பயணிகள் இல்லை, எதிரே வண்டி இல்லை. பஸ் லேசாக வலது பக்கம் இழுக்கும், அதனால் கையை எடுக்கவே முடியாது. மண்ணில் இறங்கி நின்றுவிட்டால் கட்டி இழுத்துக்கொண்டு ஆரம்பித்த ஊருக்கே போவார்கள், அதுவும் நிஜ நேரத்தில். முடித்தால் பரிசு ஒரே ஒரு புள்ளி. உலகத்திலேயே அலுப்பான அந்த கேமை 2007-லிருந்து கனடாவில் ஒரு நகைச்சுவைக் குழு வருடாவருடம் நாள்கணக்கில் ஓட்டுகிறது, நோயாளிக் குழந்தைகளுக்குப் பணம் திரட்ட. முறை வைத்து ஓட்டுகிறார்கள், அறை நிறையக் கூட்டம், பாட்டு, கூத்து. தனியாக உட்கார்ந்தால் பைத்தியம் பிடிக்க வைக்கும் எட்டு மணி நேரம் அங்கே திருவிழாவாக ஓடுகிறது.

ஆக, ஒரு சனிக்கிழமை நீங்கள் அவன் பக்கத்தில் உட்காருங்கள். முடிந்தால் அம்மாவையும் கூட்டிக்கொள்ளுங்கள். ஹெட்போன் வேண்டாம், டிவியில் போடச் சொல்லுங்கள். எத்தனையாவது பாஸ் என்று ஒரு தாளில் கோடு போடும் வேலையை அம்மாவிடம் கொடுங்கள். முப்பதைத் தாண்டும்போது அவரே "சத்தம் போடாதீங்கடி" என்று உங்களை அதட்டுவார் பாருங்கள்.

கன்ட்ரோலர். வாங்கித் தரலாம். ஆனால் முதலில் அம்மாவிடம் போய் மன்னிப்புக் கேட்கட்டும். விலையில் பாதி அவனுடைய பாக்கெட் மணியிலிருந்து வரட்டும், மாதம் கொஞ்சமாகக் கழித்துக்கொள்ளுங்கள். உடைத்தது கட்டைவிரலால் அசைக்கிற ஸ்டிக் மட்டும்தான் என்றால் கடையில் காட்டிப் பாருங்கள். பல சமயம் அதை மட்டும் மாற்றித் தருகிறார்கள், புதிதுக்கு ஆகிற காசும் மிச்சம்.