அக்கொலூதேயோ: பின்னால் போவதா, கூடப் போவதா?

புதிய ஏற்பாட்டைக் கிரேக்க மூலத்தில் படிக்கத் தொடங்கியவர்கள் பலர், 'பின்பற்று' என்று தமிழில் வழங்கும் 'அக்கொலூதேயோ' என்ற வினைச்சொல்லைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். ஒரே பொருள் கொண்ட கேள்விகளை ஒன்றாக்கிப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: இச்சொல்லின் வேர் என்ன? சொல்லின் முதலில் வரும் 'அ' எதிர்மறை முன்னொட்டா?

பதில்: எதிர்மறை அன்று. கிரேக்கத்தில் 'இல்லாமை'யைக் குறிக்கும் 'அ' ஒன்று உண்டு. 'ஒன்றான, ஒரே' என்று பொருள்படும் 'அ' வேறொன்று உண்டு. இங்கே இருப்பது இரண்டாவது. அதனோடு 'பாதை' எனப் பொருள்படும் 'கெலெயுதொஸ்' சேர்ந்து 'அக்கொலூதொஸ்' என்ற சொல் பிறந்தது. ஒரே பாதையில் செல்பவன் என்பது அதன் பொருள். வினைச்சொல் அதிலிருந்து உருவானது. ஹோமரின் காவியங்களில் கடல்வழிகளை 'ஈரமான பாதைகள்' என்று சொல்லும்போது வருவதும் இதே 'கெலெயுதொஸ்' தான். இந்த 'அ' தமிழருக்கு முற்றிலும் அந்நியமானதன்று. கிரேக்கத்தில் உடன்பிறந்தவனைக் குறிக்கும் 'அதெல்பொஸ்' என்பது 'ஒரே கருப்பையினன்' என்று பிரியும். வடமொழிவழி நமக்கு வந்த 'சகோதரன்' என்ற சொல்லும் அப்படியே பிரிகிறது.

ஆக, சொல்லின் பிறப்பில் 'பின்னால்' என்ற கருத்தே இல்லை. தமிழில் இதற்கு மிக நெருங்கிய பெயர்ச்சொல் 'சீடன்' அன்று, 'வழித்துணை' என்பதே என் கருத்து. ஆனால், வேரைக் கொண்டு மட்டும் ஒரு சொல்லின் பொருளை முடிவு செய்வது ஆபத்தானது. பேசியவர்கள் அதை எப்படி வழங்கினார்கள் என்பதே சான்று.

கேள்வி: அப்படியானால் வழக்கில் அதற்குச் சான்று உண்டா?

பதில்: இலக்கணத்திலேயே உண்டு. இந்த வினை இரண்டாம் வேற்றுமையை ஏற்பதில்லை. கிரேக்கரின் 'தாத்திவ்' வேற்றுமையை ஏற்கிறது. அவ்வேற்றுமை கொடுத்தற்பொருளோடு உடனிகழ்ச்சிப் பொருளையும் தரும். நமது 'கு', 'ஓடு' இரண்டின் வேலையையும் ஒன்றே பார்க்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். 'என்னைப் பின்பற்று' என்னும்போது தமிழில் நான் செயப்படுபொருள் ஆகிறேன். கிரேக்கத்தில் அப்படியில்லை, 'என்னோடு வழிசெல்' என்பது போன்ற உறவுதான் அங்கே இருக்கிறது.

'பின்னே' என்ற கருத்து வேண்டுமானால் கிரேக்கர் 'ஒப்பிசோ' என்ற சொல்லைத் தனியே சேர்ப்பார்கள். எலிசா எலியாவிடம் 'உம் பின்னே வருவேன்' என்று சொல்லும் இடத்தில் (முதலாம் இராஜாக்கள் 19:20) எபிரெயத்தில் 'பின்னே' என்ற சொல் இருப்பதால், அதைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் வினையோடு 'ஒப்பிசோ'வையும் சேர்த்தே எழுதினார்கள். வினையில் 'பின்னே' ஏற்கெனவே அடங்கியிருந்தால் அது தேவைப்பட்டிருக்காது.

கேள்வி: இந்தச் சொல் எங்கு வந்தாலும் சீஷத்துவத்தையே குறிக்கும் என்று ஒரு பிரசங்கத்தில் கேட்டேன். சரியா?

பதில்: சரியன்று. புதிய ஏற்பாட்டில் இது ஏறத்தாழ 90 இடங்களில் வருகிறது, பெரும்பாலானவை சுவிசேஷங்களில். அவற்றுள் பல வெறும் நடையைத்தான் குறிக்கின்றன. மாற்கு 14:13இல் தண்ணீர்க் குடம் சுமந்து வருகிற ஒருவன் பின்னே போகும்படி சீஷருக்குச் சொல்லப்படுகிறது. அவன் நுழையும் வீட்டைக் கண்டுபிடிப்பதற்காகத்தான், அவனிடம் போதனை கேட்பதற்காக அன்று. அப்போஸ்தலர் 21:36இல் 'இவனை அகற்றும்' என்று பவுலுக்கு எதிராகக் கூச்சலிடும் கூட்டத்துக்கும் இதே வினைதான். எல்லாவற்றுக்கும் மேலாக மத்தேயு 9:19ஐப் பாருங்கள்: மகளுக்காக மன்றாடிய தலைவனோடு இயேசு எழுந்து போகிறார். அங்கே இவ்வினையின் எழுவாய் இயேசு! பிரசங்கியார் சொன்ன விதியை இங்கே பொருத்தினால், இயேசு அந்தத் தலைவனுக்குச் சீஷரானார் என்று முடிக்க வேண்டிவரும்.

சீஷத்துவப் பொருள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அதைத் தருவது சூழல்: யார் அழைக்கிறார், அழைக்கப்பட்டவர் எதை விட்டு வருகிறார், சிலுவை பேசப்படுகிறதா என்பவை.

கேள்வி: 'அக்கொலூதெய் மொய்' ('என்னைப் பின்பற்று') என்ற கட்டளை நிகழ்கால வடிவில் இருப்பதால் 'வாழ்நாள் முழுவதும் தொடர்ந்துகொண்டே இரு' என்று மொழிபெயர்க்கலாமா?

பதில்: நிகழ்கால அடி, செயலை நடந்துகொண்டிருப்பதாகக் காட்டும், 'அயொரிஸ்ட்' அடி அதை முழு நிகழ்ச்சியாகக் காட்டும். மாற்கு 2:14இல் லேவிக்கு வரும் கட்டளை முதல் வகை. அவன் எழுந்து போனான் என்ற கூற்று இரண்டாம் வகை. வேறுபாடு உண்மைதான். ஆனால் அதன்மேல் ஏற்றக்கூடிய பாரத்துக்கு எல்லை உண்டு. பேதுரு தூரத்திலே பின்தொடர்ந்த அதே இரவை எழுதும்போது மாற்கு அயொரிஸ்ட் வடிவத்தை எழுதுகிறார் (14:54); லூக்காவோ 'தொடர்ந்து போய்க்கொண்டிருந்தான்' என்று பொருள்படும் வடிவத்தை எழுதுகிறார் (22:54). பேதுருவின் நடை மாறிவிடவில்லை. சொல்பவரின் பார்வைதான் மாறியிருக்கிறது.

நான் வகுப்பில் எப்போதும் நிறுத்திப் படிக்கும் இடம் மாற்கு 10:52. பார்வை பெற்ற பர்திமேயு 'வழியிலே' இயேசுவோடு போய்க்கொண்டிருந்தான் என்கிறது வசனம். சற்று முன்புவரை வழியருகே உட்கார்ந்து பிச்சை கேட்டவன் அவன். 'வழி' என்ற அதே சொல்தான் இரண்டு இடத்திலும் வருகிறது.

கேள்வி: ஹோமரில் இந்த வினையைத் தேடினேன், கிடைக்கவில்லையே?

பதில்: கிடைக்காது. அவர் வழங்குவது 'ஹெப்பொமாய்' என்ற பழைய வினை. இலத்தீனின் 'செக்குவோர்' அதற்கு உறவு. பிற்காலப் பேச்சில் அது தேய்ந்துபோக, அக்கொலூதேயோ அந்த இடத்தைப் பிடித்தது.

கேள்வி: மெய்யியலாளர்கள் இச்சொல்லை வேறு பொருளில் ஆண்டார்களா?

பதில்: ஆண்டார்கள், எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. 'பகலாக இருந்தால் வெளிச்சம் இருக்கிறது' என்பது பண்டைக் கிரேக்க மெய்யியல் பள்ளியினரான ஸ்டோயிக்கரின் வழக்கமான எடுத்துக்காட்டு. இரண்டாவது கூற்று முதலாவதை 'அக்கொலூதெயின்' செய்கிறது என்று அவர்கள் சொல்வார்கள். அதாவது ஒன்றிலிருந்து மற்றொன்று பெறப்படுகிறது. பகல் முன்னே நடக்க வெளிச்சம் பத்தடி தள்ளிப் பின்னே வருவதில்லை என்பதைக் கவனியுங்கள்: இரண்டும் சேர்ந்தே வருகின்றன. 'இயற்கையைப் பின்பற்றி வாழ்தல்' என்று பெயர்க்கப்படும் அவர்களுடைய அறநெறித் தொடரிலும் இதே வேர்தான் இருக்கிறது. 'இயற்கையோடு இசைந்து' என்பதே பொருத்தமான தமிழ்.

தொடங்கிய இலக்கணப்படி முடியாமல் தடம் மாறிப்போகும் வாக்கியத்தை 'அனக்கொலூதொன்' என்பதும் இதனால்தான். தொடக்கமும் முடிவும் ஒரே பாதையில் செல்லவில்லை.

கேள்வி: ரூத் 1:14இல் கிரேக்கத்திலும் தமிழிலும் வேறு வேறாக இருக்கிறதே?

பதில்: எபிரெயத்தில் உள்ள வினைக்கு 'ஒட்டிக்கொள்' என்பது பொருள். தமிழ் வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பான 'பழைய திருப்புதல்' அதை 'விடாமல் பற்றிக்கொண்டாள்' என்று நேராகத் தருகிறது. கிரேக்கத்தில் பெயர்த்தவர்களோ அக்கொலூதேயோவைப் போட்டார்கள். மற்ற மருமகளான ஓர்பாள் திரும்பிப் போகிறாள், ரூத் மாமியாரோடு ஒரே வழியில் நடக்கிறாள். கட்டியணைப்பைவிட நடையைக் காட்டுவது அவர்களுக்குப் பொருத்தமாகப் பட்டிருக்கலாம். நமது 'பின்பற்று' என்ற சொல்லில் 'பற்று' இருப்பதால், அந்த எபிரெய வினைக்கு நாம் கிரேக்கரைவிடச் சற்று நெருக்கமாக இருக்கிறோம்.

கேள்வி: தமிழில் பெயர்க்கும்போது எல்லா இடத்திலும் ஒரே சொல்லை வைக்க வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. பழைய திருப்புதலே அப்படிச் செய்யவில்லை. யோவான் 8:12இல் 'என்னைப் பின்பற்றுகிறவன்' என்று வருவது, 10:27இல் ஆடுகளைப் பற்றிப் பேசும்போது 'எனக்குப் பின்செல்லுகிறது' என்று வருகிறது. வெளிப்படுத்தல் 14:13இல், கர்த்தருக்குள் மரித்தவர்களின் செயல்களைப் பற்றிச் சொல்ல வந்த இடத்தில் மூலத்தில் இருப்பதும் இதே வினைதான். அங்கே தமிழில் பெயர்த்தவர்கள் 'பின்'னை அறவே விட்டுவிட்டு, 'அவர்களுடைய கிரியைகள் அவர்களோடே கூடப்போம்' என்று எழுதினார்கள்.