இளைஞர்களை ஜனநாயகத்திலும் பொதுப்பணிகளிலும் ஈடுபட வைப்பது எப்படி?

வாக்களிப்பதிலும் பொது அமைப்புகளில் சேர்வதிலும் இளைஞர்களுக்கு ஆர்வம் குறைந்து வருகிறது என்றும், அவர்களிடம் விழிப்புணர்வை வளர்க்க என்ன செய்யலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். விழிப்புணர்வுக் குறைவுதான் நோய் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு தன்னார்வ அமைப்பின் செயற்குழுவில் நெடுங்காலமாக இருந்துவருபவன் என்ற முறையில் நான் கவனித்தது வேறு. தாம் சொன்ன கருத்து என்னவாயிற்று என்று தெரியாத இடத்துக்கு யாரும் மறுபடி வர விரும்புவதில்லை. மூத்தவர்கள் பழக்கத்தினாலோ தாட்சணியத்தினாலோ வந்துகொண்டிருக்கிறார்கள், இளைஞர்கள் வராமல் நின்றுவிடுகிறார்கள். ஆகவே அவர்களுடைய மனநிலையைத் திருத்துவதற்கு முன்பு, நாம் அவர்களை அழைக்கும் இடம் எப்படி இருக்கிறது என்று பார்ப்பதே சரி.

முதலில் நுழைவாயில். மலேசியாவில் 2018 பொதுத் தேர்தல் வரை வாக்களிக்கும் வயது 21 ஆக இருந்தது. அந்த வயதை எட்டியவரும் தாமே விண்ணப்பித்துப் பட்டியலில் பெயரைச் சேர்த்தால்தான் வாக்களிக்க முடியும். மாணவர்கள் தொடங்கிய ‘உண்டி18’ (மலாய் மொழியில் ‘உண்டி’ என்றால் வாக்கு) என்ற இயக்கம் இதை மாற்றக் கோரி, ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்று பாராமல் ஆதரவு திரட்டியது. 2019 ஜூலையில், வாக்களிக்கும் வயதையும் வேட்பாளராக நிற்கும் வயதையும் 18 ஆகக் குறைத்து, வயது வந்தவர்களின் பெயர் தானாகவே பட்டியலில் சேர வழிசெய்யும் அரசியலமைப்புத் திருத்தம் ஓர் எதிர்ப்பு வாக்குகூட இல்லாமல் கீழவையில் நிறைவேறியது. இதோடு கதை முடிந்துவிடவில்லை. 2022 செப்டம்பருக்கு முன்பு இதை நடைமுறைப்படுத்த இயலாது என்று 2021இல் அறிவிக்கப்பட்டபோது இளைஞர்கள் நீதிமன்றத்தை நாடினார்கள். ஆண்டு முடிவதற்குள் அமல்படுத்துமாறு கூச்சிங் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. டிசம்பர் 15 அன்று திருத்தம் நடைமுறைக்கு வந்தது. 2018இல் ஏறத்தாழ ஒன்றரைக் கோடியாக இருந்த வாக்காளர் எண்ணிக்கை, 2022 நவம்பர் தேர்தலின்போது 2 கோடியே 10 லட்சத்தைத் தாண்டியிருந்தது.

அப்படிப் புதிதாகச் சேர்ந்தவர்களில் 21 வயதைக் கடந்தும் அதுவரை பதிவு செய்யாதிருந்தவர்களும் ஏராளம் என்பதைக் கவனிக்க வேண்டும். அவர்களைத்தான் அதுவரை அக்கறையற்றவர்கள் என்று பலரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரு படிவமும் ஓர் அலுவலக வரிசையும் நடுவில் நின்றதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. இந்தியாவிலும் வாக்காளரின் வயதைக் கணக்கிட ஜனவரி 1 என்ற ஒரே தகுதி நாள் இருந்தவரை, ஜனவரி 2 அன்று 18 வயது நிறைந்தவர் பட்டியலில் இடம்பெற ஏறத்தாழ ஓராண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. 2022 முதல் ஆண்டுக்கு நான்கு தகுதி நாட்கள் வந்ததும், 17 வயது நிறைந்தவர்கள் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம் என்று ஆனதும், மேடைப் பேச்சுகள் பலவற்றைவிடப் பயனுள்ள சீர்திருத்தங்கள் என்பது என் கருத்து.

வயதைப் பற்றியும் ஒரு சொல். பிரேசில் 1988ஆம் ஆண்டு அரசியலமைப்பிலேயே 16, 17 வயதினர் விரும்பினால் வாக்களிக்கலாம் என்று வைத்தது. ஆஸ்திரியா 2007இலும் அர்ஜென்டினா 2012இலும் 16 வயதினருக்கு வாக்குரிமை அளித்தன. ஸ்காட்லாந்தில் 2014ஆம் ஆண்டு விடுதலை வாக்கெடுப்பில் அவ்வயதினர் முதன்முறையாகப் பங்கேற்றனர். ‘பதினாறு வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும்’ என்ற கேள்வி எல்லா நாடுகளிலும் எழுந்ததுதான். ஆனால் 18 வயதில் பலர் படிப்புக்காகவும் வேலைக்காகவும் வீட்டைவிட்டு வேறோர் ஊருக்குச் சென்றுவிடுகிறார்கள். பெயர் ஓரிடத்திலும் ஆள் ஓரிடத்திலுமாக முதல் தேர்தலே கைநழுவிப் போகிறது. பதினாறில் அவர்கள் வீட்டிலும் பள்ளியிலும் இருக்கிறார்கள். வாக்களிப்பு பழக்கமாக மாறுவதற்கு அது தோதான வயது.

வாக்குரிமைக்கு வெளியே, சங்கங்களும் தன்னார்வ அமைப்புகளும் அடங்கிய குடிமைச் சமூகத்தில் சிக்கல் இன்னும் ஆழமானது. யூனிசெஃப் அமைப்புக்காக 1992இல் எழுதிய ஆய்வுரையில் ரோஜர் ஹார்ட் என்ற ஆய்வாளர், சிறார்களின் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வரைந்து காட்டினார். கீழேயுள்ள மூன்று படிகளான கையாளுதல் (பெரியவர்கள் தம் நோக்கத்துக்குச் சிறாரைப் பயன்படுத்திக்கொள்வது), அலங்காரம், பெயரளவுச் சேர்க்கை ஆகியவை பங்கேற்பே அல்ல என்று அதில் அவர் திட்டவட்டமாகச் சொன்னார். நம்மைச் சுற்றி நடக்கும் இளைஞர் நிகழ்ச்சிகளில் பெரும்பாலானவை இந்த மூன்றுக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. சீருடை டீ-சர்ட் அணிவித்து, பதாகையைக் கையில் கொடுத்து, படம் எடுத்து அனுப்பிவிடுகிறோம். கட்சிகளின் இளைஞர் அணிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தலைமுடிக்குச் சாயம் பூசிக்கொள்ளும் வயதிலும் இளைஞர் அணியில் பதவி வகிப்பவர்கள் இருக்கும்போது, உண்மையான இளைஞருக்கு அங்கே என்ன வேலை?

எங்கள் அமைப்பிலும் புதிதாக வரும் இளைஞர்களுக்கு நாற்காலி அடுக்குவதும் வரவேற்பு மேசையில் அமர்வதும் முகநூலில் பதிவிடுவதும்தான் ஒதுக்கப்பட்டு வந்தன. ஒருமுறை செயலாளர் ஊரில் இல்லாததால், கல்லூரி மாணவி ஒருவரிடம் கூட்ட நடவடிக்கைகளை எழுதும் மினிட் நோட்டைக் கொடுத்தோம். அவர் எழுதத் தொடங்குவதற்கு முன்பு பழைய பக்கங்களைப் புரட்டினார். நூலக அறைக்குக் கூடுதல் விளக்குப் போடுவது பற்றிய தீர்மானம் கூட்டத்துக்குக் கூட்டம் ‘அடுத்த கூட்டத்தில் பரிசீலிக்கப்படும்’ என்ற ஒரே வாக்கியத்துடன் தள்ளிப்போடப்பட்டிருந்தது. “ஐயா, இதை யார் செய்ய வேண்டும் என்று எங்கேயும் எழுதவில்லையே?” என்று கேட்டார். தலைவருக்கு முகம் சுருங்கியது. பதில் வராததால் அந்த மாணவியே ஸ்கேல் வைத்துப் பக்கத்தில் மூன்று கோடுகள் இழுத்து, என்ன முடிவு, யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் என்று தலைப்பிட்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு கூட்டமும் அந்தப் பக்கத்தை வாசிப்பதில் தொடங்குவது வழக்கமாகிவிட்டது. தம் பெயர் பொறுப்பு என்ற தலைப்பின் கீழ் எழுதப்பட்ட இளைஞர்களில் பெரும்பாலோர் தொடர்ந்து வந்தார்கள். இரண்டு மூத்த உறுப்பினர்கள் வருவதைக் குறைத்துக்கொண்டார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அறைக்கு விளக்கும் வந்தது.

பொறுப்போடு பணத்தையும் ஒப்படைத்த நகரங்கள் உண்டு. நகராட்சிச் செலவின் ஒரு பகுதியை மக்களே கூடி முடிவு செய்யும் பங்கேற்பு வரவுசெலவு முறை 1989இல் பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரில் தொடங்கியது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரம் 2014இல் பத்து லட்சம் டாலரை ஒதுக்கி, அதை எதற்குச் செலவிடுவது என்று 12 முதல் 25 வயது வரை உள்ளவர்களே முன்மொழிந்து வாக்களிக்கட்டும் என்று விட்டது. பூங்காவில் விளையாட்டுத் திடலைச் சீரமைப்பது, பள்ளிகளுக்கு மடிக்கணினி வாங்குவது, ஓவியர்களுக்குச் சுவர்கள் ஒதுக்குவது போன்ற திட்டங்கள் அதில் தேர்வாயின. போர்த்துகல் அரசு 2017 முதல் பள்ளிகளிலேயே இதைச் செய்கிறது: மாணவர்கள் தங்கள் பள்ளிக்கு என்ன தேவை என்று திட்டம் எழுதி, சக மாணவர்களின் ஆதரவு திரட்டி, மார்ச் மாதத்தில் வாக்கெடுப்பு நடத்துகிறார்கள். தொகை பெரிதல்ல. ஆனால் விலைப்பட்டியல் வாங்குவது, எதிர்த் திட்டக்காரரோடு வாதிடுவது, தோற்றபின் மற்றவரின் திட்டம் நிறைவேறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது என்று குடிமக்கள் பயில வேண்டிய பாடங்களில் கடினமானவை அந்தச் சிறு தொகைக்குள்ளேயே வந்துவிடுகின்றன. குடிமையியல் பாடநூல் தேர்வுக்கு உதவும், தோற்கக் கற்பிக்காது.

பதில் கிடைக்கும் என்ற உறுதியும் அதே அளவுக்கு முக்கியம். பிரிட்டனின் நாடாளுமன்ற மனுத் தளத்தில் 10,000 கையொப்பம் சேர்ந்தால் அரசு பதிலளிக்கும். 1,00,000 சேர்ந்தால் விவாதத்துக்கு எடுப்பது பற்றிப் பரிசீலிப்பார்கள். பின்லாந்தில் 2012 முதல், ஆறு மாதத்துக்குள் 50,000 பேர் கையொப்பமிட்ட முன்மொழிவை நாடாளுமன்றம் எடுத்துக்கொண்டே ஆக வேண்டும். கோரிக்கை தோற்கலாம், ஆனால் எங்கே, யாரால், எந்தக் காரணத்தால் தோற்றது என்பது தெரிந்துவிடும். அப்படித் தெரிந்தவர் திருத்திய கோரிக்கையோடு திரும்பி வருவார் என்பதே என் அனுபவம்.

வீதியில் இறங்குவதை நம்மில் சிலர் பங்கேற்பாகவே கருதுவதில்லை, அது பிழை. காலநிலைக்காக வகுப்பைப் புறக்கணித்த ஐரோப்பிய மாணவர்களைப் படிப்பில் அக்கறை இல்லாதவர்கள் என்று திட்டியவர்கள் உண்டு. அதே காலத்தில் ஜெர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தவர்களில் இளைஞர்கள் பலர் இருந்தனர். 2030க்குப் பிந்தைய காலத்துக்குப் போதிய திட்டமில்லாததால் நாட்டின் காலநிலைச் சட்டத்தின் ஒரு பகுதி அரசியலமைப்புக்கு முரணானது என்று 2021இல் அந்த நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வீதியும் நீதிமன்றமும் தேர்தலும் ஒன்றுக்கொன்று போட்டியல்ல.

நீங்கள் ஆசிரியராகவோ ஓர் அமைப்பின் நிர்வாகியாகவோ இருந்தால், ஒரு சிறு தொகையையும் ஒரு முடிவையும் முழுமையாக அவர்களிடம் விட்டுப் பாருங்கள். சட்டம் எதை அனுமதிக்காது, கையிருப்பு எவ்வளவு என்பதை வாக்கெடுப்புக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். அவர்கள் புத்தகங்களை விட்டுவிட்டுச் சறுக்குப் பலகைத் திடலைத் தேர்ந்தெடுக்கக்கூடும். அப்போது ‘நல்ல யோசனைதான், ஆனால்’ என்று தொடங்கி முடிவை மாற்றிவிடும் ஆசை நமக்கு வரும். மாற்றினால் அடுத்த ஆண்டு வாக்குப்பெட்டியை வைக்கலாம், வாக்களிக்க ஆள் வராது. திடலைக் கட்டிக் கொடுங்கள். புத்தகங்களுக்கான வாதத்தை அடுத்த ஆண்டு நீங்களும் அவர்களோடு வரிசையில் நின்று எடுத்து வையுங்கள்.